பானெட்டுக்குள் ஒரு எட்டு!

காரை ஒற்றை விரலில் வளைய வைக்கும் எண்ணெய்க் குழாய்களின் ரகசியம் என்ன? மத்திகிரிப் பட்டறை ஒன்றுக்குள் புகுந்து எட்டிப் பார்த்தோம்!

எண்ணெயில் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள காரில், வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் ஒடித்திருக்கிறீர்களா? அந்த நொடியில் உங்கள் பாதத்துக்கு இரண்டடி முன்னால், சுண்டுவிரல் தடிமன் உள்ள ஒரு குழாயில் சுமார் 80 பார் அழுத்தத்தில் எண்ணெய் நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. 80 பார் என்றால் எவ்வளவு தெரியுமா? 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் 1 பார். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து கடல் மட்டம் வரை நெட்டுக்குத்தாக ஒரு குழாயை இறக்கி, வாய் வரை தண்ணீர் நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, கிட்டத்தட்ட அது! நம் கார் டயரில் இருப்பது வெறும் 2 பார் சொச்சம். யோசித்துப் பாருங்கள்... ஒரு மலையின் உயரமே சுருண்டு பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது!

இதை நேரில் பார்க்காமல் விடுவதா? கிளம்பிவிட்டோம்.

ஏன் மத்திகிரி?

ஓசூரை ஒட்டியிருக்கும் மத்திகிரிக்கு வண்டிகளோடு உள்ள உறவு பழசு. 1824-ல் ராணுவக் குதிரைகளைப் பழக்குவதற்காகத் தொடங்கிய பண்ணைதான் இன்று கால்நடைப் பண்ணையாக ஊரின் அடையாளமாக நிற்கிறது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் குதிரைகள் போய்க் குதிரைத்திறன் வந்தது. சிப்காட் வந்தது, 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது. அவற்றைச் சுற்றி நட்டு, போல்ட், பிரஸ், லேத் என்று சின்னச் சின்ன யூனிட்டுகள் முளைத்தன.

இந்த வட்டாரத்தின் ரோட்டோரம் நின்று பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தாலே போதும். டி.என். 70 போர்டும் கே.ஏ. போர்டும் மாறி மாறிப் போகும். ஷிப்ட் பஸ், ரோஜாப் பூ ஏற்றிய வேன், கிரானைட் குவாரிக்குப் போகும் ஜே.சி.பி., பெங்களூருக்கு ஆள் ஏற்றும் ஏழு சீட்டர். இவை எல்லாவற்றிலும் எங்கோ ஓரிடத்தில் அழுத்தமான எண்ணெய் ஓடுகிறது. ஆகவே ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடையும், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கையும் இங்கே தேடாமலே கிடைக்கும். பட்டறையில் தமிழில் கேள்வி கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் பில் கேட்பார்கள். ஸ்பேனருக்கு மூன்றும் புரிகிறது!

நாங்கள் போன பட்டறையில் ஒரு பழைய செடான் ஸ்டாண்டு மேல் ஏறி நின்றது. அதன் கதை சுவாரஸ்யமானது. ஸ்டியரிங் எண்ணெய் வாராவாரம் குறைகிறது. நின்ற இடத்தில் சிவப்பாய்ச் சொட்டு விழுகிறது. இதற்கு முன் காட்டிய இடத்தில், "ரேக் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். ரேக் என்பது ஸ்டியரிங் திரும்பும்போது முன் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு அமைப்பு. வண்டிக்காரர் மனசு கேட்காமல் இங்கே கொண்டுவந்திருக்கிறார்.

"ரேக்கைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல குழாயைப் பாப்போம்" என்றார் மேஸ்திரி. அன்று முழுக்க நாங்கள் கற்றுக்கொண்டதன் சாரம் இந்த ஒரு வரிதான்!

ஓயாமல் சுற்றும் ஒரு லிட்டர்

வாருங்கள், எண்ணெயோடு சேர்ந்து நாமும் ஒரு சுற்றுப் போய் வருவோம்.

பயணம் பானெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் தொடங்குகிறது. மொத்த அமைப்புக்கும் சேர்த்து எண்ணெய் சுமார் ஒரு லிட்டர்தான். டப்பாவின் அடியிலிருந்து ஒரு தடித்த, மெத்தென்ற ரப்பர் ஹோஸ் பம்புக்கு இறங்குகிறது. இது உறிஞ்சும் ஹோஸ். இதற்குள் அழுத்தமே கிடையாது.

பம்பை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. உள்ளே நீள்வட்டமான ஒரு கூடு, அதற்குள் ஒரு சக்கரம், சக்கரத்தின் காடிகளில் பத்துத் தகடுகள். சக்கரம் சுற்றும்போது தகடுகள் வெளியே நீண்டு கூட்டின் சுவரை வழித்துக்கொண்டே ஓடி, எண்ணெயை அள்ளி அள்ளி நெருக்குகின்றன. நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் வரை தள்ளும். ஆக, அதே ஒரு லிட்டர் எண்ணெய் நிமிடத்துக்கு ஏழெட்டு முறை முழுச் சுற்று வருகிறது! நீங்கள் சிக்னலில் நிற்கும்போதும், டீ குடிக்க இறங்கி எஞ்சினை அணைக்காமல் விட்டபோதும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பம்பிலிருந்து கிளம்புவதுதான் நம் கதாநாயகன், ஹை பிரஷர் லைன். பாதி இரும்புக் குழாய், பாதி ரப்பர் ஹோஸ், மறுபடி இரும்புக் குழாய். எஞ்சின் அதிரும், பாடி அதிராது; நடுவில் வளைந்து கொடுக்க ரப்பர் வேண்டும். பல வண்டிகளில் இந்த லைனில் ஒரு சின்ன பிரஷர் சுவிட்சும் உட்கார்ந்திருக்கும். பார்க்கிங்கில் நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்ததும் அழுத்தம் ஏறும். சுவிட்ச் உடனே எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். ஐட்லிங் சற்றே ஏறும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எஞ்சின் சத்தம் லேசாக மாறுகிறதே, காரணம் இதுதான்!

அடுத்த நிறுத்தம் வால்வு. ஸ்டியரிங் தண்டின் அடியில் பென்சில் தடிமனுக்கும் குறைவாக ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு உருளைகள் லேசாக விலகி, எண்ணெய்க்கு ஒரு பக்கம் வாசலைத் திறந்து மறுபக்கம் சாத்துகின்றன. திறந்த பக்கம் பாய்ந்த எண்ணெய், ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது.

எவ்வளவு தள்ளும்? பிஸ்டனின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ. பெருக்கினால் 800 கிலோ! அதனால்தான் ஒற்றை விரல் போதுமாக இருக்கிறது.

இதில் ரொம்ப அழகான விஷயம், நேராகப் போகும்போது இந்த அழுத்தம் இருப்பதே இல்லை. வால்வின் இரு வாசலும் திறந்து கிடக்க, எண்ணெய் சில பார் அழுத்தத்தில் சும்மா சுற்றி வரும். திருப்பினால் மட்டும் எகிறும். ஒருவேளை பம்ப் நின்றே போனாலும் ஸ்டியரிங் தண்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. கை வலிக்கும், ஆனால் வண்டி திரும்பும்.

வேலை முடிந்த எண்ணெய் ரிட்டர்ன் லைன் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. வழியில், ரேடியேட்டருக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் வெறும் இரும்புக் குழாயில் காற்று வாங்கிக் குளிர்ந்துகொள்கிறது. பம்பரைக் கழற்றிய வண்டிகளில் அந்த வளைந்த குழாயைப் பார்த்து, "இது எதுக்கு சும்மா நீட்டிக்கிட்டு இருக்கு?" என்று பலர் கேட்பார்களாம். சும்மா இல்லை, அதுதான் எண்ணெயின் விசிறி!

சொட்டு ஓரிடம், ஓட்டை ஓரிடம்

இனி துப்பறியும் படலம். செடானுக்கு அடியில் விளக்கோடு படுத்தார் மேஸ்திரி.

முதல் தடயம் நிறம். சிவப்பு என்றால் ஸ்டியரிங் எண்ணெயாகவோ ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயாகவோ இருக்கலாம். இந்த வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, ஆகவே சந்தேகம் தீர்ந்தது. கறுப்பும் பழுப்பும் எஞ்சின் ஆயில். பச்சை என்றால் பெரும்பாலும் கூலன்ட். ஆனால் சில ஐரோப்பிய வண்டிகளின் ஸ்டியரிங் எண்ணெயே பச்சைதான், அங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தடயம் இடம். சொட்டு ரேக்கின் அடியிலிருந்துதான் விழுந்தது. அப்படியானால் ரேக்தானே குற்றவாளி? அவசரப்படக் கூடாது! எண்ணெய் கசியும் இடத்தில் சொட்டாது. குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே சரிந்து வந்து, எல்லாவற்றுக்கும் தாழ்வான இடத்தில் சொட்டும். காரில் தாழ்வான இடத்தில் இருப்பது பாவம், ரேக்!

உதவியாளர் தம்பி மொத்த இடத்தையும் டீசலும் ஷாம்புமாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். பிறகு மேஸ்திரி ஒரு டப்பா டால்கம் பவுடரை எடுத்துக் குழாய் நெடுகப் பூசினார். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது! எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் நாலைந்து முறை ஒடித்து, அணைத்துவிட்டு விளக்கைப் பிடித்தோம். பவுடரின் மேல் ஒரே ஓர் இடத்தில், ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் உலோகப் பூண் ஓரத்தில், மிளகு அளவில் சிவப்பாய் ஈரம். அங்கிருந்து ரேக் வரை ஒரு கோடு. அகப்பட்டாச்சு!

ரேக் சுத்தம் என்பதை எப்படி உறுதி செய்தார்? ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை விரலால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் தளும்பினால் ரேக்கின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே இரண்டும் வறண்டு கிடந்தன.

வழக்கமாகக் கசியும் மற்ற இடங்களையும் வரிசையாகக் காட்டினார். பம்பில் குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்; அந்த இணைப்புக்கு மேலும் கீழும் இருக்கும் காப்பர் வாசர். ரேக்கில் திருகும் நட்டின் ஓ ரிங் எனும் ரப்பர் வளையம். குழாயைப் பாடியோடு பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் சேறு தங்கித் துருப்பிடித்து விழும் ஊசி ஓட்டை. பிரஷர் சுவிட்சின் அடி. ரிட்டர்ன் ஹோஸின் கிளிப்.

எல்லாவற்றிலும் கில்லாடி ஒன்று உண்டு: உறிஞ்சும் ஹோஸ். அதன் கிளிப் தளர்ந்தால் பல நேரம் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும்! தரையில் ஒரு சொட்டு இருக்காது, ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பம்ப் 'ஙொய்ங்' என்று அழும். டப்பாவைத் திறந்து பார்த்தால் சிவப்பு எண்ணெய் நுரைத்துப்போய் ரோஸ்மில்க் மாதிரி நிற்கும். "பம்ப் போச்சு"ன்னு புதுசு வாங்கி மாட்டி, அதுவும் அழுததும் மறுபடி வருகிறவர்கள் உண்டாம். பழுது, சின்ன கிளிப்பில்!

இங்கே மேஸ்திரி குரலை உயர்த்திச் சொன்னதை நாங்களும் உரக்கச் சொல்கிறோம். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசி ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தேட வேண்டுமானால் ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள், கையை அல்ல. இன்னொன்று, இந்த எண்ணெய் சூடான சைலன்ஸர் குழாயில் கொட்டினால் தீப்பிடிக்கும். "சின்னக் கசிவுதானே, ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாம்" என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

வெட்டிப் பார்த்தோம்!

லைன் வெளியே வந்தது. பழைய ஹோஸை வெட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டோம். "அக்கா, இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே ஹேக்ஸா பிளேடை எடுத்தார்.

அடடா, உள்ளே ஓர் உலகமே இருக்கிறது! நடுவில் வழவழப்பான கறுப்பு ரப்பர்க் குழல். எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் செயற்கை ரப்பர் அது. அதன் மேல் நெசவுத் துணிபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நைலான் நூல். அதற்கு மேல் மீண்டும் ரப்பர். மறுபடி ஒரு பின்னல். கடைசியாக, வெயிலும் எஞ்சின் சூடும் தாங்கும் வெளித்தோல். பானெட்டுக்குள் எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாவது சகஜம். வருஷக் கணக்கில் வெந்து வெந்து இந்த ஹோஸின் உள் ரப்பர் கெட்டித்துப் போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டியது, கல் மாதிரி நின்றது. பூணின் பிடிக்கு ஈடுகொடுத்து விரியாமல் போனதால்தான் அங்கே கசிவு.

நைலான் நூல் எதற்கு? இரும்புக் கம்பி வைத்துப் பின்னினால் இன்னும் பலமாக இருக்காதா? நாங்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு வந்த பதிலில்தான் அன்றைய நாளின் பெரிய புதையல் இருந்தது.

பம்பின் பத்துத் தகடுகள் எண்ணெயைத் தொடர்ச்சியாகத் தள்ளுவதில்லை. ஒவ்வொரு தகடும் ஒரு தள்ளு. ஐட்லிங்கில் பம்ப் நிமிடத்துக்கு 900 முறை சுற்றினால் நொடிக்கு 15 சுற்று. பத்துத் தகடுக்கு நொடிக்கு 150 தள்ளு. அதாவது எண்ணெய் நொடிக்கு 150 முறை துடிக்கிறது! அந்தத் துடிப்பு அப்படியே ரேக்குக்குப் போனால் ஸ்டியரிங் வழியாக உங்கள் கைக்கும், பாடி வழியாகக் காதுக்கும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரமாக வந்து சேரும். நைலான் பின்னிய ஹோஸ் ஒவ்வொரு துடிப்புக்கும் மயிரிழை அளவு விரிந்து, சுருங்கி, அதை விழுங்கிவிடுகிறது. சில வண்டிகளின் ஹோஸுக்குள் இன்னொரு மெல்லிய சுருள் குழாயும் ஒளிந்திருக்கும்; துடிப்பின் அலை அதில் மோதித் திரும்பி, எதிர் அலையால் அடங்கிப்போகும்.

ஆக, இந்தக் குழாய்க்கு இரண்டு உத்தியோகம். ஒன்று, அழுத்தத்தைக் கொண்டுபோவது. இரண்டாவது, சத்தத்தை அடக்குவது. முதல் வேலையை எல்லோரும் அறிவார்கள். இரண்டாவதை மறந்தவர்கள் செய்யும் பழுதுபார்ப்பு பாதிப் பழுதுபார்ப்புதான்!

பூண் போடும் கடை

அடுத்து ஹைட்ராலிக் ஹோஸ் கடை. சுவர் முழுக்கச் சுருள் சுருளாக ஹோஸ். மேசை மேல் கிரிம்பிங் மெஷின்: எட்டுத் தாடைகள் வட்டமாக நின்று, நடுவில் வைக்கும் பூணை எட்டுப் பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கும். சுவிட்சைத் தட்டினால் ஒரு முனகல், ஒரு நொடி, முடிந்தது! வெளியே எடுத்த பூணில் எட்டு வரிகள் சமமாகப் பதிந்திருக்கும். கடைக்காரர் உடனே வெர்னியரை எடுத்து விட்டத்தை அளக்கிறார். அரை மில்லி கூடினால் கசியும். குறைந்தால் உள் ரப்பர் நசுங்கிக் கிழியும்.

ஜே.சி.பி.க்கும் பிரஸ்ஸுக்கும் போகும் இரட்டைக் கம்பிப் பின்னல் ஹோஸ் இங்கே நிறைய. கால் அங்குல அளவில் அது 400 பார் வரை வேலை செய்யும். வெடிக்க அதைப் போல நாலு மடங்கு வேண்டும். கார் ஸ்டியரிங்குக்குத் தேவை அதில் கால்வாசிதான். பிறகென்ன, அதையே போட்டுவிடலாமே?

"போடலாம். வெடிக்கவே வெடிக்காது. ஆனா வண்டி பாடும்" என்றார் கடைக்காரர். கம்பிப் பின்னல் விரியாது. விரியாவிட்டால் துடிப்பை விழுங்காது. ரீங்காரம் நேரே உள்ளே வரும். சத்தம் பார்க்காத வேலை வண்டிக்கு அது சரி. கம்பெனி லைன் கிடைக்காத பழைய வண்டிக்கும் அது பெரிய உதவி. குடும்பம் போகும் செடானுக்கு, ஸ்டியரிங்குக்கென்றே வரும் நைலான் பின்னல் ஹோஸைப் பழைய முனைகளில் வைத்துப் பூண் போடுவதுதான் அழகு. எங்கள் வண்டிக்கு அதையே போட்டார்கள்.

வெட்டும்போது சிதறிய ரப்பர்த் தூளை வெளியேற்ற, முனையைப் பொருத்தும் முன் கடைக்காரர் ஹோஸுக்குள் காற்றடித்தார். பிறகு துணி உருண்டையை ஒரு முனையில் வைத்து, காற்றால் மறுமுனைக்குச் சுட்டார். துணி கறுப்பாக வந்தது. மறுபடி ஒன்று. அதுவும் அழுக்கு. மூன்றாவது வெள்ளையாக வந்தபிறகுதான் அடுத்த வேலை. அந்தத் தூள் பம்பின் தகடுகளுக்கு நடுவில் போனால் புதுப் பம்புக்குச் செலவு வைத்துவிடும். இப்படிச் சுத்தம் பார்க்கும் கடையைத் தேடிப் போங்கள்!

செய்யக் கூடாதவை இரண்டு. ஹை பிரஷர் பக்கம் குழாயை வெட்டி, ஒரு துண்டு ரப்பரைச் செருகி, ஹோஸ் கிளிப் போட்டு முறுக்குவது. கிளிப் ரிட்டர்ன் பக்கத்துக்கு மட்டுமே. இன்னொன்று, துரு ஓட்டையை மேலாக வெல்டிங் வைத்து அடைப்பது. பக்கத்து இரும்பும் மெலிந்துதான் இருக்கும், அடுத்த வாரம் அது விடும். துருப்பிடித்த துண்டை வெட்டியெறிந்து, அதே அளவில் தையலில்லாத புதுக் குழாய் போட வேண்டும்.

ஒரு குட்டி வரலாற்று நிறுத்தம்

பவர் ஸ்டியரிங் என்ற இந்த மந்திரத்துக்குச் சொந்தக்காரர் பிரான்சிஸ் டேவிஸ். அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ கம்பெனியில் லாரிப் பிரிவின் எஞ்சினியர். கனமான லாரிகளோடு ஓட்டுநர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர். எப்போதும் அழுத்தத்தை அடைத்து வைத்திருக்காமல், எண்ணெயைச் சும்மா சுற்றவிட்டு, வேண்டும்போது மட்டும் அழுத்தம் ஏற்றும் வால்வு அவருடைய பெரிய யோசனை. 1926-ல் காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டியது. பொருளாதார மந்தத்தில் 1934-ல் கைவிட்டது. கடைசியில் 1951-ல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில்தான் கடைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக் காத்திருப்பு!

நம் ஊரில் மாருதி 800 தலைமுறை தோள் வலிக்க ஒடித்துத்தான் ஓட்டியது. தமிழ்நாட்டின் ரானே குழுமம் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ.வோடு கைகோத்து 1987-ல் பவர் ஸ்டியரிங் கம்பெனி தொடங்கியது. இன்று சிறிய கார்கள் எல்லாம் மின்மோட்டாருக்கு மாறிவிட்டன; 1988-ல் சுசுகியின் செர்வோவில் தொடங்கிய மாற்றம் அது. ஆனாலும் பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா என்று நம் ரோட்டில் இன்னும் எண்ணெயில் திரும்பும் வண்டிகள் ஏராளம். பழைய குவாலிஸையும் சுமோவையும் சேர்த்தால் பட்டறைகளுக்கு இந்த வேலை இன்னும் பல வருஷத்துக்கு உண்டு.

மாட்டி, காற்றை விரட்டி...

பட்டறைக்குத் திரும்பினோம். இனி மாட்டும் படலம்.

ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு அச்சடித்திருக்கும். அது அழகுக்கு என்று நினைத்திருந்தோம். மாட்டியபிறகு அந்தக் கோடு நேராக இருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை. சுற்றிக்கொண்டு போனால் முறுக்கியிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். எவ்வளவு எளிய, எவ்வளவு புத்திசாலித்தனமான சோதனை!

பான்ஜோ போல்ட்டுக்குப் புதுக் காப்பர் வாசர் இரண்டு. செம்பு ஒருமுறை நசுங்கினால் கெட்டித்துப்போகும். அடுத்த முறை போல்ட்டின் முகத்தோடு இழைந்து உட்காராது. பழைய மேஸ்திரிகள் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி மென்மையாக்குவார்கள். இன்று புதிதாகவே போட்டுவிடலாம், விலை அற்பம். ரேக் பக்க நட்டை ஓபன் ஸ்பேனரால் தொடவில்லை. ஐந்து முகத்தைப் பிடிக்கும் பைப் நட் ஸ்பேனர்தான். நட்டின் மூலை மழுங்கினால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும்.

எண்ணெய் ஊற்றும் முன் டப்பாவின் மூடியைப் படித்தார்கள். இந்த வண்டிக்கு டெக்ஸ்ரான் வகைச் சிவப்பு எண்ணெய். ஹோண்டாவுக்குத் தனி எண்ணெய். சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை. மாற்றி ஊற்றக் கூடாது. தவறிப்போய் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும்.

இப்போது காற்றை விரட்ட வேண்டும். முன் சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. எஞ்சின் ஆஃப். தம்பி ஸ்டியரிங்கை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, டப்பாவில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது! மேஸ்திரி எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தார். இருபது முறை போல் திருப்பியதும் குமிழ் நின்றது. அதன்பிறகுதான் எஞ்சின் ஸ்டார்ட். முதலிலேயே ஸ்டார்ட் செய்திருந்தால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை அடங்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கடைசிப் பரீட்சை அபாரம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மட்டத்தில் ஒரு கோடு போட்டார். எஞ்சினை அணைத்தார். உள்ளே காற்று ஒளிந்திருந்தால், அழுத்தம் போனதும் அது விரிந்து மட்டம் சட்டென்று மேலே ஏறும். நாங்கள் எல்லோரும் டப்பாவைச் சுற்றிக் குனிந்து நின்றோம். கோடு நின்ற இடத்தில் எண்ணெய் நின்றது. பாஸ்!

வண்டியை இறக்கி, வண்டிக்காரர் கையில் சாவியைக் கொடுத்தார்கள். ரேக் மாற்றவில்லை. பம்ப் மாற்றவில்லை. ஒரு ஹோஸ், இரண்டு வாசர், ஓர் ஓ ரிங், ஒரு லிட்டர் எண்ணெய். "எண்ணெய் கசியுதுன்னு வர்ற வண்டியில முதல்ல பாக்க வேண்டியது இருக்கறதுலயே விலை குறைஞ்ச பொருளைத்தான்" என்றார் மேஸ்திரி.

உங்கள் முறை!

இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறங்கள். டப்பாவில் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். கருகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எஞ்சின் அணைந்து ஆறியபிறகு உறிஞ்சும் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். பூண்களைச் சுற்றி ஈரமா, தூசி ஒட்டிய பிசுக்கா என்று கவனியுங்கள். ஓட்டும்போது ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்து 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அந்த நேரம் முழுக்க அழுத்தம் உச்சத்தில் நிற்கும், எண்ணெய் கொதிக்கும், ஹோஸின் ஆயுள் கரையும். ஒரு சுண்டு பின்வாங்கினால் போதும்.

அப்படியும் கசிந்தால் பட்டறைக்குப் போங்கள். அங்கே உங்கள் முதல் கேள்வி "ரேக் எவ்வளவு?" என்பதாக இருக்க வேண்டாம். "அண்ணா, எந்த இடத்துல கசியுது, காட்டுங்க" என்று கேளுங்கள். பவுடர் பூசச் சொல்லுங்கள். விளக்கைப் பிடித்து நீங்களே பாருங்கள். கழற்றிய பழைய ஹோஸைக் கேட்டு வாங்கி, ஒரு முறை வெட்டிப் பாருங்கள். அந்தப் பின்னலைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த கசிவை நாள் கடத்த மாட்டார். வேலை தெரிந்த மேஸ்திரி கேட்கும் கூலியைக் குறைத்துப் பேசவும் மாட்டார்!